பின்னால் போட்ட கொம்பு

அம்மாடி வெண்ணிலா,

உன் பெயரில் முதலில் எழுத வேண்டியது கொம்பு. கொம்பைப் போட்டு, அதன் பக்கத்தில் 'வ' போட்டு, பிறகு மூன்று சுழியை எண்ணிச் சுழித்துப் புள்ளி வைத்து, ஒருவழியாக 'லா'வில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், உன் அம்மா எதிரே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு பேரு எழுதுறதுக்குள்ள ஒல கொதிச்சி அரிசியும் போட்டாச்சி" என்கிறாள். வேகட்டும். எழுபதை நெருங்கும் வயதில் என் மகளுக்கு என் கையால் கடிதம் எழுதுகிறேன். இதைவிடப் பெரிய காரியம் இன்றைக்கு இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் நடக்கவில்லை. வியாழக்கிழமை ஆரம்பித்தது, இன்று ஞாயிறு. விரல் வலித்தால் நிறுத்துவேன், பயம் வந்தாலும் நிறுத்துவேன். இந்த நான்கு நாளில் வலிக்காக நிறுத்தியதைவிடப் பயத்துக்காக நிறுத்தியதுதான் அதிகம்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ விடவில்லை. "அப்பா, நீ வாயத் தொறக்காத. புதன்கிழம நான் வேலையில சேரணும். இந்த நேரத்துல போயி எதுனா பண்ணி வச்சிடாத. அந்த மேடம் பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருஷம் படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை கிடைத்த வேலை. திட்டக்குடி பக்கம் மங்களூர் நூலகத்துக்கு ஆர்டர் வந்த அன்று நீ அழுததை நான் கேட்டேன். ஆனாலும் போனை வெட்டுவதுபோல் கடிதத்தை வெட்ட முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நீ எப்போது பேசினாலும் முதலில் நூலகத்துச் செய்தியைத்தான் கேட்பாய். அதையே முதலில் சொல்கிறேன். நீ உட்கார்ந்து படித்த ஜன்னலோர மேஜையில் இப்போது தையல் வேலைக்குப் போகும் பெண்கள் நாலு பேர் மதியத்தில் வந்து வாரப் பத்திரிகை பார்க்கிறார்கள். மழைக்கு ஒழுகிய மூலையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ரிட்டயர் ஆன என் சிநேகிதன் கோவிந்தன் இன்னும் பேப்பரின் நடுத்தாளை உருவிக்கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறான், யார் கேட்டாலும் தருவதில்லை. இதெல்லாம் போன வாரம் வரைக்கும். இந்த வாரம் நூலகத்தில் சத்தமே இல்லை. நூலகர் ஸ்டெல்லா மேடம் காலையில் வந்து பூட்டைத் திறக்கிறார், மாலையில் பூட்டுகிறார், இடையில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாசல் மேஜையில் எப்போதும் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு பெரிய நோட்டு இருக்குமே, வருகிறவர்கள் பேரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு, அது இப்போது அங்கே இல்லை. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் வெறும் தாள் ஒன்று. நூலும் பேனாவும் மட்டும் தொங்குகின்றன.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்குப் புதிதாக ஒரு தாள் கிடைத்தால் இனிப்புக் கிடைத்ததுபோல. பக்கத்தில் போய் நின்று, விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். வா, ச, கர், வாசகர். வ, ரு, கை, வருகை. 'தொடர்பாக' என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்பதையும் பார்த்துக்கொண்டேன். எங்கும் திக்காமல், யாரையும் கேட்காமல், ஒரு முழுத்தாளை நான் படித்து முடித்தது அதுதான் முதல் தடவை. "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை நடைபெறும்" என்று கடைசி வரியை இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திப் படித்துவிட்டு, யாராவது 'சபாஷ்' என்பார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கோவிந்தன் பேப்பரை மடித்துவிட்டு, "யோவ், போதும். படிச்சது புரிஞ்சிதா உனக்கு?" என்றான். அப்போதுதான் அந்தச் சொல் எனக்குள் இறங்கியது. வாயில் வரும்போது அது வெறும் எழுத்தாகத்தான் இருந்தது.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று ஒழுங்காகச் சொல்கிறேன். நீ இந்த வேலைப் பரீட்சைக்குப் படிக்கப் பட்டணம் போன பிறகு, நீ திருப்பிக் கொடுக்காமல் விட்டுப்போன புத்தகத்தைக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். மேடம் பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் இடது கட்டைவிரலை நீட்டி, "மை இருக்குதாம்மா?" என்றேன். "மை இருக்குதுங்க ஐயா. அதுக்கு வேற வேல இருக்குது. உக்காருங்க" என்று ஒரு சிலேட்டை எடுத்து வைத்தார். உட்கார்ந்தவன் இரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். நாற்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்று "இது எங்க போவுது?" என்று கேட்டுக் கேட்டு கண்டக்டர்களிடம் பேச்சு வாங்கியவன் நான். இப்போது தூரத்தில் வரும்போதே கம்மாபுரம், நல்லூர் என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் நிற்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். மாத்திரை அட்டை, சோப்பு உறை, கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர்கள், ஒன்றையும் விடுவதில்லை. அந்தச் சந்தோஷத்தை நீ அறியமாட்டாய், வெண்ணிலா. நீ ஐந்து வயதில் படித்துவிட்டாய். ஐந்து வயதுக்காரிக்கு எல்லாமே சந்தோஷம்தான், இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாய்.

எனக்கு வராத ஒரே விஷயம் கொம்பு. 'கொ' என்று சொல்லிப் பார். வாயில் முதலில் வருவது 'க'வின் சத்தம்தானே, மற்றது அதன் பின்னால்தானே வருகிறது? அதனால் நான் 'க' போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுவேன். மேடம் சிலேட்டை அழித்து, "கொம்பு முன்னாடிங்க ஐயா" என்பார். "பின்னாடி கேக்குறத எப்பிடிம்மா முன்னாடி எழுதுறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "என்னா வரப்போவுதுன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுங்க ஐயா, அதான் எழுத்து" என்றார். மனசுக்குப் புரிந்தது. கைதான் கேட்கவில்லை. இரண்டு வருஷமும் என் கொம்புகள் எல்லாம் பின்னால்தான் நின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்.

சிலேட்டில் எழுதினால் அழிந்துவிடுகிறது. அந்தப் பதிவேட்டில் எழுதினால் நிற்கிறது. கோடு நேராகப் போட்டிருக்கிறது, பேனா கட்டித் தொங்குகிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் வருவதில்லை. ஒருநாள் என் பெயருக்குக் கீழே இருந்த காலிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், தீ போடுற கொளஞ்சி என்று எழுதினேன். பீங்கான் சூளையில் என்னோடு வேலை பார்த்தவர், செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கொளஞ்சி உண்டு, அதனால் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். முகவரிக் கட்டத்தில் 'சூளை' என்று எழுதினேன். அந்த மனுஷன் பெயரை அவர் உயிரோடு இருந்தவரை நான் எழுத்தில் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார், எங்கள் எல்லாருக்கும் கட்டைவிரல்தான் பெயர். மறுநாள் இன்னொருவர் பெயரைச் சேர்த்தேன், அதற்கு மறுநாள் இன்னொருவர். மண் குழைத்தவர், அச்சில் ஊற்றியவர், வெள்ளைத் தூசியை வருஷக்கணக்காக விழுங்கி இருமி இருமிப் போனவர்கள். பதினோரு பேர் ஆனார்கள். தினமும் என் பெயருக்குக் கீழே அவர்களை எழுதி உட்காரவைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்து எல்லாரும் ஒன்றாக வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். கோவிந்தன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, செத்தவனுங்க எல்லாம் லைப்ரரிக்கு வந்து கையெழுத்துப் போடுறானுங்க. உயிரோட இருக்கற என் பேர ஒருநாளாச்சும் எழுதினியா?" என்றான். "உனக்கு என்னா அவசரம்?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மாதக் கடைசியில் மேடம் அந்தப் பதிவேட்டைக் கூட்டி எழுதி மேலே அனுப்புவார் என்பது எனக்குத் தெரியாது. எழுதிப் பழக ஒரு நல்ல நோட்டு என்றுதான் நினைத்தேன். "நம்ம லைப்ரரிக்கு ஆளுங்க கூடியிருக்காங்கய்யா. அர நாளா ஆக்கிடுவாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சி, இனிமே ஆக்க மாட்டாங்க" என்று அவர் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னபோது, நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். கூடிய ஆட்கள் யார் என்று அவரும் பார்க்கவில்லை. இது அவர் செய்த தப்பு, வெண்ணிலா. சின்னத் தப்புதான், ஆனால் நீ நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவள், அதனால் சொல்கிறேன். கோட்டை எண்ணாதே, முகத்தை எண்ணு. பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால் பத்து என்றே எழுது. மேலே இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு கிழவன் மதியம் முழுக்க உன் பதிவேட்டின் மேல் குனிந்திருந்தால், பாவம் எழுதிப் பழகட்டும் என்று விட்டுவிடாதே. எழுந்துபோய் என்ன எழுதுகிறான் என்று பார். பார்த்துவிட்டு அவனைத் துரத்தாதே, வேறு நோட்டுக் கொடு.

போன வாரம் கொளஞ்சியின் மகன் குமார் நூலகத்துக்கு வந்தான். உனக்குத் தெரிந்திருக்கும், ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளைக்கு ஏதோ புத்தகம் கேட்டு வந்தவன், கையெழுத்துப் போடக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. அவன் கோட்டுக்கு மேலே, அன்றைய தேதியில், மை காய்ந்தும் காயாமலும் அவன் அப்பா பெயர் இருந்தது. "தீ போடுற கொளஞ்சின்னு இந்த ஊர்ல எங்கப்பா ஒருத்தருதான் மேடம்" என்றான். குரல் மெல்லத்தான் வந்தது, பிறகுதான் ஏறியது. "செத்து மண்ணாப்போனவரக் கூட்டியாந்து கையெழுத்து வாங்குறீங்களா? கணக்குக் காட்டுறதுக்கு எங்கப்பாதான் கெடைச்சாரா?" ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் இருந்தார். மேடம் எழுந்து வந்து பார்த்தார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. கொம்பெல்லாம் பின்னால் நிற்கிறதே, வேறு யார் அப்படி எழுதுவார்கள்? அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நாலடி தூரத்தில், கையில் அந்த வாரத்துப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. அவரும் என் பெயரைச் சொல்லவில்லை. "தப்பு நடந்திருக்குதுங்க. நான் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னார். குமார் நேராகப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆள் வருவதாகக் காட்ட நூலகரே செத்தவர்கள் பெயரை எழுதினார் என்று புகார். நாளைக்கு அது நிரூபணம் ஆனால் அவர் வேலை போய்விடும்.

நான் அந்த அறிவிப்பைப் படித்த மறுநாள் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, நீங்க கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராம இருங்க. வெண்ணிலாவுக்கு ஆர்டர் வந்திருக்குதில்ல. அரசாங்கப் பதிவேட்டுல எழுதுனவரு பொண்ணுன்னு ஒரு பேரு வர வேணாம். அவ என் கண்ணு முன்னாடி படிச்ச புள்ள" என்றார். "அப்ப உங்க வேல?" என்றேன். அவர் மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் துடைத்து வைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்டாம்புதான்.

இப்போது உனக்கு நான் ஒருபோதும் சொல்லாததைச் சொல்லவேண்டும். இதற்காகத்தான் நாலு நாள் ஆனது. நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்போது நான் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு பட்டறையில் சூளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம், அது இப்போது இல்லை. கொளஞ்சி அங்கே தீ பார்ப்பவர். அனலின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்வார். தீயை நிறுத்திய பிறகு சூளையின் வாசலில் அடைத்த செங்கல்லை இரண்டு நாள் பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது தானாக ஆறவேண்டும், குளிர்காற்று பட்டால் எல்லாம் விரிசல் விட்டுப்போகும். அன்றைக்கு லாரி வந்து நின்றது. மேனேஜர் வாசலைப் பிரிக்கச் சொன்னார். கொளஞ்சி, "இன்னும் ஆறல சார். இப்பத் தொறந்தா ஒண்ணும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ பிரிடா" என்றார். நான் பிரித்தேன். மேல்வரிசைச் செங்கல்லை என் கையால் உருவினேன். காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது, பெருமூச்சுபோல. அதன் பிறகு உள்ளே இருட்டில் ஒரு 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. பார்த்தால் எல்லாம் வெள்ளையாக, முழுசாக, அழகாக இருந்தன. ஆனால் லாரியில் ஏற்றிய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. இங்கொன்று, அங்கொன்று.

முழுச் சரக்கும் திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து, "சம்பளத்துக்கு, எல்லாரும் கைநாட்டு வைங்க" என்றார்கள். வைத்தோம். வரிசையில் நான் மூன்றாவது. மறுநாள் கொளஞ்சியை நிறுத்தி அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்கள். யாரிடமும் சொல்லாமல் கொளஞ்சிதான் சூளையைத் திறந்தார், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தவர், என்னைப் பார்த்து, "நீயுமா வச்ச?" என்றார். "அதுல என்னா எழுதியிருந்துச்சின்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். பொய் இல்லை, எனக்குத் தெரியாதுதான். ஆனால் யார் திறந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. தொட்டிலில் நீ கிடக்கிறாய், வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஒளிவதற்கு அது மிக நல்ல இடம், வெண்ணிலா, ஒருவரும் உள்ளே வந்து தேடமாட்டார்கள். அதன் பிறகு எந்தச் சூளையிலும் அவரைத் தீ பார்க்க விடவில்லை. மூட்டை தூக்கினார். நீ பத்தாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

நூலகத்துப் பதிவேட்டில் அவர் பெயரை ஏன் முதலில் எழுதினேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். எழுதும்போது எனக்கே தெரியாது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். பார், ஒரு தடவை அவர் பெயரில் நான் விரல் வைத்தேன், அவர் வேலை போனது. இன்னொரு தடவை அவர் பெயரைப் பேனாவால் எழுதினேன், ஸ்டெல்லா மேடம் வேலை போகப் போகிறது. அந்த 'டிக்' சத்தம் இந்த வாரம் முழுக்க எனக்குக் கேட்கிறது. உன் அம்மா அது சுவர்க் கடிகாரம் என்கிறாள். கடிகாரம் நின்று ஆறு மாதம் ஆகிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

நீ போனில் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். நான் சொன்னால் உனக்குக் கெடுதல் வரலாம். வராது என்று உன்னை ஏமாற்ற எனக்கு மனசில்லை. ஆர்டரை நிறுத்தி வைப்பார்கள் என்று கோவிந்தன் சொல்கிறான். சேர்ந்த பிறகும் "அந்தக் கிழவன் பொண்ணு" என்று பேசுவார்கள். ஆனால் நான் சொல்லாமல் விட்டால், ஸ்டெல்லா மேடம் எழுந்து காலியான நாற்காலியின் மேல்தான் உன் நாற்காலி நிற்கும். அந்தம்மா தானாகவே உனக்காக எழுந்து போகிறார், நாம் கேட்கவே இல்லை என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியாதுண்ணே என்று நான் சொன்னதுபோலத்தான் அதுவும். பொய் இருக்காது.

உன் வேலைக்கு நான் சொல்லக்கூடியது வேறு என்ன? புதன்கிழமை உன்னிடம் பொறுப்பை ஒப்படைப்பார்கள். இத்தனை புத்தகம் இருக்கிறது, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போட்டுடு என்பார்கள். போடாதே. ஒவ்வொரு அலமாரியாக நின்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போடு. இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தாலும் வரட்டும். உனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவரிடம் நீயே ஒரு தாளை நீட்ட வேண்டி வந்தால், அவருக்குப் படிக்கத் தெரிந்தாலும் நீ ஒருமுறை படித்துக் காட்டு. நான் கைநாட்டு வைத்த அந்தத் தாளை யாராவது எனக்குப் படித்துக் காட்டியிருந்தால் நான் வைத்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. தெரியவில்லை. வைத்திருப்பேனோ என்னவோ.

இன்று காலை ஜங்ஷனுக்குப் போனேன். குமார் ஆட்டோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "ஏறு பெருசு, எங்க போவணும்?" என்றான். ஏறி உட்கார்ந்து, "எங்கயும் இல்லப்பா. உங்கப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன். பதிவேட்டில் எழுதியது நான் என்று சொன்னேன். அவன் முகம் சிவந்தது. "நீயா? எதுக்குய்யா?" என்றான். அதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் சூளையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். பாதியில் அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "எங்கப்பா சாவுற வரைக்கும் ஒண்ணுதான் கேட்டுக்கினே இருந்தாரு. எவன் தொறந்தான்னு. தூக்கத்துலகூடக் கேப்பாரு" என்றான்.

"நாந்தாம்பா தொறந்தேன்."

துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். ஒரு அம்மா வந்து "கோயிலுக்குப் போவுமா?" என்று கேட்டார், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றான்.

"பத்து மணிக்கு."

"வர்றேன்."

"எதுக்குப்பா?"

"அத அங்க வந்து சொல்றேன். நீ எறங்கு."

எந்த முகத்தோடு அவன் வரப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை உனக்கு அனுப்பிவிட்டு, ஒன்றை அதிகாரியிடம் கொடுத்து, ஒன்றை அந்த அறிவிப்புத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். ஊரே படிக்கட்டும். உன்னையும் என்னையும் பற்றி இதில் இருப்பதற்கு நீ கூசலாம். அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தவன் நான்தான், அதற்குப் பதிலையும் நான்தான் எழுதவேண்டும். உன்னை யாராவது, அவர் உன் அப்பாவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இதைப் படித்துப் பார்த்த கோவிந்தன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டான். "யோவ், இதுல கொம்பெல்லாம் கரெக்டா முன்னாடி நிக்கிது. அந்த நோட்டுல எல்லாம் பின்னாடி. ரெண்டும் ஒரே ஆளு எழுதினதுன்னு எந்த ஆபீசரு நம்புவாரு? புள்ள அங்க படிச்ச நன்றிக்கு அந்தம்மாவக் காப்பாத்த வந்து பொய் சொல்ற கெழவன்னு எழுதிட்டுப் போயிடுவாரு" என்றான். அவன் சொல்வது சரி. உனக்குத் தப்பில்லாமல் எழுதவேண்டும் என்று ஒவ்வொரு தாளையும் மூன்று நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இரண்டு வருஷம் மேடம் சொல்லிக் கேட்காத கை, இந்த நாலு நாளில் கேட்டுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கவனித்தேன், நான் நினைப்பதற்கு முன்பே கொம்பு போய்த் தன் இடத்தில் நிற்கிறது. எழுந்துபோய் உன் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்துவிட்டு "நல்லாருக்குது" என்றாள்.

அதனால் இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தப்பாக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'க' போட்டு, அதன் பின்னால் கொம்பு. சரியாக எழுதுவதைவிட இது கஷ்டமாக இருக்கிறது, கை முன்னால் முன்னால் என்று ஓடுகிறது. நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரியும், ஸ்டெல்லா மேடமும், கொளஞ்சியின் மகனும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அப்பா பெயரை அந்த நோட்டில் இருப்பதுபோலவே எழுதிக் காட்டவேண்டும். அதுவரை இந்தத் தப்பு என் கைக்கு மறக்காமல் இருக்கவேண்டும்.

உன் பெயரை மட்டும் எங்கேயும் தப்பாக எழுதவில்லை. பார்த்துக்கொள்.

உன் அப்பா